படிவத்தில் ஆட்டுக்கு இடமில்லை

பறவைப் புத்தகம் எழுதியவர் பள்ளத்தில் நின்றுகொண்டுதான் எழுதியிருக்க வேண்டும். போர்க்கழுகா, கருமார்புப் பாம்புக்கழுகா என்று பிரித்தறிய அவர் கொடுத்திருக்கும் அடையாளம் அத்தனையும் பறவையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் தலையும் மார்பும் கறுப்பு, வயிறு வெள்ளை. வயிற்றில் புள்ளி இருந்தால் போர்க்கழுகு, இல்லாவிட்டால் பாம்புக்கழுகு. இறக்கையின் அடி இருண்டிருந்தால் அது, வெளுத்திருந்தால் இது. கால் முழுக்க இறகு மூடியிருந்தால் அது, மொட்டைக் காலாக இருந்தால் இது. எல்லாம் சரி. நான் நிற்பது மலை முகட்டில். கழுகுகள் பாதி நேரம் எனக்குக் கீழே பறக்கின்றன. எனக்குத் தெரிவதெல்லாம் முதுகு. அந்த முதுகு இரண்டுக்கும் பழுப்பு.

போர்க்கழுகு பெரியது என்றும் எழுதியிருக்கிறார். எதைவிடப் பெரியது? வெறும் ஆகாயத்தில் தனியாக ஒன்று பறக்கும்போது பக்கத்தில் வைத்து அளக்க என்ன இருக்கிறது? பாம்புக்கழுகு காற்றில் ஒரே இடத்தில் நின்று இறக்கை அடிக்கும், போர்க்கழுகு பெரும்பாலும் அப்படி நிற்காது என்கிறார். அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லை எழுதியவரை ஒரு நாள் என் முகட்டுக்குக் கூட்டிவந்து வெயிலில் நிறுத்த வேண்டும்.

என் வேலை இதுதான். எங்கள் குன்றில் இருபத்திரண்டு காற்றாலைக் கோபுரங்கள் இருக்கின்றன. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை முகட்டில் இரண்டு பேர் நின்று வானத்தைப் பார்ப்போம். அழியும் நிலையில் உள்ள பறவைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. பிணந்தின்னிக் கழுகுகளும் போர்க்கழுகும் அதில் இருக்கின்றன. பட்டியல் பறவை கோபுரத்தை நோக்கி வந்தால் வாக்கி டாக்கியில் "நிறுத்து" என்று சொல்லி, கோபுரத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும். இறக்கைகள் சுற்றி ஓய நாற்பது வினாடி ஆகும். பாம்புக்கழுகு பட்டியலில் இல்லை. அதற்காக நிறுத்திவிட்டால் 'தவறான நிறுத்தம்' என்று நம் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழும்.

என் பெயருக்கு எதிரே அந்தப் பருவத்தில் இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. இரண்டுமே பாம்புக்கழுகுகள். முதல் தடவை காலை வெயில் பறவைக்குப் பின்னால் இருந்தது, வெள்ளை இறக்கை நிழலில் கறுத்துத் தெரிந்தது. இரண்டாம் தடவை எனக்கு எந்தச் சாக்கும் இல்லை, பயந்துபோய்ச் சொல்லிவிட்டேன். மூன்றாவது விழுந்தால் முகட்டிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

கட்டுப்பாட்டு அறையின் தலைவர் ஒலூச் கெட்டவர் இல்லை. ஏரிக்கரைக்காரர், சிரித்துக்கொண்டே பேசுவார். அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் எல்லோருக்கும் டீயும் எண்ணெயில் பொரித்த மந்தாசி ரொட்டியும் கொடுத்துவிட்டுப் புது விதியைச் சொன்னார்.

"இனிமே மொதல்ல பேர், அப்புறம் ஒரு அடையாளம், அதுக்கப்புறம்தான் நிறுத்துறது. சும்மா 'ஏதோ பெருசா வருது, நிறுத்து'ன்னா நான் மேல என்ன பதில் சொல்ல?"

"அடையாளம் தெரியற தூரத்துக்கு வந்துட்டா அப்புறம் நிறுத்தி என்ன சார் புண்ணியம்?" என்று கேட்டேன்.

"சிமலோய், நீங்க ஏற்கெனவே ரெண்டு போட்டிருக்கீங்க. மந்தாசி சாப்பிடுங்க."

பக்கத்தில் இருந்த முசேம்பி குனிந்து டீக்குள் சிரித்தான். அவன்தான் முகட்டில் எனக்கு ஜோடி. மச்சாக்கோஸ் ஊர்ப் பக்கத்துக்காரன், பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவன். கண்ணால் பார்க்காத எதையும் எழுத மாட்டான். அவன் பெயருக்கு எதிரே இதுவரை ஒரு கோடுகூட விழுந்ததில்லை. நல்லவன்தான். ஆனாலும் அந்தச் சுத்தத்தைப் பார்த்தால் எனக்குச் சில நாள் எரிச்சலாக வரும்.

எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், அதற்குக் காரணம் கோபுரங்களுக்குத் தெற்கே உள்ள பள்ளத்தாக்கில் ஒரு வேலமரத்தில் இருந்தது. அங்கே ஒரு போர்க்கழுகு ஜோடியின் கூடு. இரண்டு வருஷத்துக்கு ஒரு முட்டை, ஒரே குஞ்சு. அந்த மரம் நிற்பது என் அண்ணன் நிலத்தில். போன மழைக்குப் பிறகு அந்தப் பெட்டைக் கழுகு என் அண்ணி நைசியாயின் ஆட்டுக்குட்டிகளில் இரண்டைத் தூக்கிப் போய்விட்டது. அண்ணி தீப்பந்தம் எடுத்துக்கொண்டு மரத்தடிக்கே போய்விட்டாள். நான்தான் குறுக்கே நின்றேன்.

"நீ கழுகுக்குக் காவல். என் குட்டிக்கு யாருடி காவல்?" என்று கேட்டாள்.

"குட்டிகளுக்கு முள்வேலி போட்டுத் தரேன் அண்ணி. கூட்டை விட்டுடு. முட்டை பொரிஞ்சு குஞ்சு பறக்கிற வரைக்கும்."

"நான் விட்டுடுவேன். உங்க காத்தாடி விடுமா?"

"அங்கதான் நான் இருக்கேனே. நான் பாத்துக்குறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தாள். அந்த வாக்கைக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குஞ்சு பொரித்து இரண்டு மாதம். நான் என் சொந்தக் கையால் வேலி போட்டுக் கொடுத்தேன். பகலில் மேய்ச்சலுக்கு விடும்போது மட்டும் குட்டிகளுக்கு அண்ணியின் விசில்தான் காவல். 'குட்டி தூக்கி' வருகிறது என்றால் இரண்டு சின்ன விசில், ஒரு நீள விசில். போர்க்கழுகை எங்கள் வீட்டில் குட்டி தூக்கி என்றுதான் சொல்வோம். அந்த விசில் கேட்டால் ஆடுகள் புதருக்குள் ஓடி ஒண்டிக்கொள்ளும். ஆடுகளேகூடச் சில நேரம் விசிலுக்கு முன்னால் ஓடிவிடும். பாம்புக்கழுகு தலைக்கு மேலேயே நின்றாலும் அவை மேய்ந்துகொண்டேதான் இருக்கும். நானும் பத்து வயதுவரை ஆடு மேய்த்தவள்தான், இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் எங்கள் படிவத்தில் பறவையின் பெயருக்கு ஒரு கட்டம், அடையாளத்துக்கு ஒன்று, எண்ணிக்கைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று என்று பதினாறு கட்டம் இருந்தது. ஆட்டுக்கு ஒன்றுமில்லை.

அந்தக் காலை ஒன்பதரை மணி இருக்கும். காற்று கிழக்கிலிருந்து பலமாக அடித்தது. எல்லாக் கோபுரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணி கீழே எட்டாம் கோபுரத்துக்கும் ஒன்பதாம் கோபுரத்துக்கும் நடுவே ஆடுகளை விட்டுவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒன்பதுக்குத் தெக்கே. பெருசு. கறுத்த தலை," என்றான் முசேம்பி.

தொலைநோக்கியைத் திருப்பினேன். பள்ளத்தாக்கின் பக்கமிருந்துதான் வந்தது. முதுகு பழுப்பு. நேராக எங்களைப் பார்த்து வந்ததால் இறக்கை வெறும் கோடாகத் தெரிந்தது. வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"ஒன்பதுக்குப் பக்கத்துல கழுகு. பட்டியல் பறவையா இருக்கலாம்."

"பேர் சொல்லுங்க," என்றது ஒலூச்சின் குரல்.

"பாத்துக்கிட்டிருக்கோம்."

"பேர், அடையாளம். காத்திருக்கேன்."

"புள்ளி தெரியுதா?" என்று முசேம்பியைக் கேட்டேன்.

"வயிறே தெரியல அக்கா, புள்ளிக்கு எங்க போறது? கொஞ்சம் திரும்பட்டும்."

அப்போதுதான் விசில் கேட்டது. இரண்டு சின்னது, ஒரு நீளம். கண்ணோரத்தில் ஆடுகள் புதரை நோக்கிச் சிதறி ஓடுவது தெரிந்தது. என் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தியிருக்கலாம். ஆனால் என்ன அடையாளம் சொல்வது? என் அண்ணி விசில் அடிக்கிறாள் என்றா? மூன்றாவது கோட்டை நானே போட்டுக்கொள்வதா? அண்ணியும் இதே பறவையைப் பார்த்துத்தான் ஏமாந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு குட்டி பறிகொடுத்தவள், எதைப் பார்த்தாலும் பயப்படுவாள் என்று நினைத்தேன்.

கழுகு சாய்ந்து திரும்பியது. இறக்கையின் அடி பளிச்சென்று வெள்ளை. கால் மொட்டை. வாயிலிருந்து அரைமுழம் பாம்பு வால் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாம்புக்கழுகு," என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"கருமார்புப் பாம்புக்கழுகு சார். இறக்கையடி வெள்ளை, கால் மொட்டை. நிறுத்த வேண்டாம்," என்று சொன்னேன்.

"அப்படிப் போடுங்க சிமலோய். இதைத்தானே இத்தனை நாளா கேட்டுக்கிட்டிருக்கேன்."

முசேம்பி கையை நீட்டினான், நான் ஓங்கித் தட்டினேன். சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ரொம்ப சந்தோஷமாக இருந்தது. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று வாரக்கணக்கில் தூங்காமல் கிடந்தவள் நான். குடுவையைத் திறந்து இரண்டு பேருக்கும் டீ ஊற்றினேன். படிவத்தை எடுத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். எண்ணிக்கை என்ற இடத்தில் 1 என்று எழுதினேன். நடத்தை என்ற இடத்தில் 'வேகமாக இறக்கை அடித்தது, இரண்டு முறை பின்னால் திரும்பிப் பார்த்தது' என்று எழுதினேன். அதைக்கூட எழுதியிருக்கிறேன் பாருங்கள். ஏன் திரும்பிப் பார்க்கிறது என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தியபோது ஆடுகள் இன்னும் புதரைவிட்டு வெளியே வந்திருக்கவில்லை. அதையும் பார்த்தேன். டீயைக் குடித்தேன்.

உச்சி வெயிலில் நைசியாய் அண்ணி மலையேறி வந்தாள். அவள் ஒருநாளும் முகட்டுக்கு வந்ததில்லை. தோளில் போர்த்தும் சிவப்புத் துணியை உருவி, அதில் எதையோ சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தாங்கி வந்தாள். என் முன்னால் பாறையில் வைத்துப் பிரித்தாள்.

"ஒன்பதாம் நம்பர் காத்தாடிக்கு அடியில கெடந்தது," என்றாள்.

பெட்டைக் கழுகு. ஒரு இறக்கை தோளோடு இல்லை. மற்றது விரிந்து கிடந்தது. புத்தகம் சொன்ன அடையாளம் ஒன்று விடாமல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெள்ளை வயிற்றில் புள்ளிகள், எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக. இருண்ட இறக்கையடி. கால் விரல்வரை இறகு. மொட்டைக் காலா என்று கேட்டால் ஒரு குழந்தைகூட இல்லை என்று சொல்லிவிடும்.

முசேம்பி உட்கார்ந்து அதன் விரல்களை மெல்லப் பிரித்துப் பார்த்தான். "ரெண்டு இருந்திருக்கு அக்கா. இது அந்தப் பாம்புக்கழுகைத் துரத்திக்கிட்டு வந்திருக்கு. கூட்டுப் பக்கம் வந்ததுன்னு துரத்தியிருக்கும். நாம முன்னாடி போனதையே பாத்துக்கிட்டிருந்தோம்."

"நான் விசில் அடிச்சேனே," என்றாள் அண்ணி. "உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அது என்ன விசில்னு மறந்துபோச்சா?"

"இல்ல அண்ணி."

"அப்புறம்?"

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணியைக் கழுகுக்கு அடியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

"நானே கொளுத்தியிருந்தா கூடு மட்டும்தான் போயிருக்கும். இது வேற எங்கயாவது போய்ப் பொழைச்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஒலூச்சைக் கூப்பிட்டுச் சொன்னேன். காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஒன்பது முப்பத்தி நாலு. ஒரு பறவை, பாம்புக்கழுகு, ரெண்டு அடையாளம், சரியான முடிவு. சிமலோய், உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஃபார்ம் சுத்தமா இருக்கு."

"சார், ஃபார்ம்தான் தப்பு. ரெண்டு பறவை சார்."

"நீங்க ரெண்டு பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்ப ஒண்ணுதான். பாக்காததை எழுத முடியாதே."

வாக்கி டாக்கியைப் பாறையில் அடித்து உடைக்க வேண்டும்போல இருந்தது. என் வாழ்க்கையிலேயே ஒரு கழுகை இவ்வளவு சரியாக நான் அடையாளம் சொன்னதில்லை. சரியாகச் சொன்னதால்தான் அது செத்தது. தப்பாகக் கத்தித் தொலைத்திருந்தால் மூன்றாவது கோடு விழுந்திருக்கும், அவ்வளவுதான். கோபுரம் நின்றிருக்கும். இதை யாரிடம் சொல்லி முட்டிக்கொள்வது?

சாயங்காலம் நானும் முசேம்பியும் பள்ளத்தாக்குக்குப் போனோம். குஞ்சு கூட்டில் நின்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆண் கழுகு ஒரு கீரியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. ஒற்றை ஆளாக வளர்த்துவிடுமா என்று கேட்டேன்.

"வளர்க்கலாம். ஆனா இனி அது ரெண்டு பங்கு அலையணும். வேட்டைக்கு இந்தப் பக்கமாத்தான் வந்து போகணும்," என்றான் முசேம்பி.

அதாவது ஒன்பதாம் கோபுரத்தின் வழியாக.

அடுத்த வாரம் ஒரு காலை அண்ணியின் விசில் கேட்டது. இரண்டு சின்னது, ஒரு நீளம். நான் தொலைநோக்கியைத் தொடக்கூட இல்லை.

"நிறுத்து. ஒன்பது."

"பேர்?"

"தெரியாது."

"அடையாளம்?"

"ஆடு ஓடுது சார். நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். திட்டிக்கொண்டே நிறுத்தினார். நாற்பது வினாடியில் ஒன்பதாம் கோபுரம் ஓய்ந்தது. முசேம்பி தொலைநோக்கியில் தேடிக்கொண்டே இருந்தான். வானத்தில் ஒன்றுமில்லை. கால் மணி நேரம் பார்த்தும் ஒரு காக்கைகூட வரவில்லை. கழுகு கோபுரங்களுக்குள் புகாமல் எங்கேயோ தாழ்வாகத் திரும்பிப் போயிருக்கலாம், அல்லது அண்ணிக்கே கண் ஏமாந்திருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றாவது கோடு விழுந்தது.

மறுநாள் வேலை மாறிப் போகும்போது என் தொலைநோக்கியை முசேம்பியிடம் கொடுத்தேன். "கீழ விசில் கேட்டா ஆட்டைப் பாரு. அப்புறம் வானத்தைப் பாரு," என்றேன்.

"அதை எந்தக் கட்டத்துல எழுதுறது அக்கா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகட்டைவிட்டு இறங்கிவிட்டேன்.

இப்போது எனக்குக் காற்றாலை வளாகத்தின் வாசலில் வேலை. லாரி வந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு தடுப்புக் கம்பத்தைத் தூக்க வேண்டும். லாரி எண் தூரத்திலேயே தெளிவாகத் தெரியும், ஒன்று மற்றொன்று மாதிரி இருக்காது. இந்த வேலையில் நான் ஒரு தப்பும் செய்வதில்லை. வாசலிலிருந்து பார்த்தால் வானம் பாதிதான் தெரியும், ஆனால் ஒன்பதாம் கோபுரம் முழுதாகத் தெரியும். காற்று இந்தப் பக்கம் அடிக்கும் நாளில் விசிலும் கேட்கும். கேட்கும்போதெல்லாம் நான் கோபுரத்தைப் பார்ப்பேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் இப்படியே போனது. ஒவ்வொரு தடவையும் முகட்டில் நிற்கும் முசேம்பியை வாய்விட்டுத் திட்டுவேன், பிறகு லாரிக்குக் கம்பத்தைத் தூக்குவேன்.

நேற்றுக் காலை விசில் கேட்டது. பழக்கத்தில் திரும்பினேன். மேசையிலிருந்த வாசல் வாக்கி டாக்கியில் முசேம்பியின் குரல் கரகரத்தது.

"நிறுத்து. ஒன்பது."

"பேர் சொல்லுங்க முசேம்பி," என்றார் ஒலூச்.

"தெரியாது சார்."

"அடையாளம்?"

காற்றுச் சத்தத்தின் நடுவே அவன் சொன்னான், "ஆடு சார்."

ஒன்பதாம் கோபுரம் தளர்ந்து, தளர்ந்து, நின்றது. நான் எழுந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளத்தாக்கின் பக்கமிருந்து ஒரு கழுகு நின்றுபோன இறக்கைகளின் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போனது. அதன் அடிவயிறு எனக்குத் தெரியவில்லை. புள்ளி இருந்ததா, கால் மொட்டையா, எதுவும் தெரியவில்லை. வெயில் எதிரே இருந்தது.

சாயங்காலம் ஒலூச் தாளில் கோட்டைப் போட்டுவிட்டு வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போனார். கார் கண்ணாடியை இறக்கி, "உங்க வியாதி அவனுக்கும் தொத்திடுச்சு," என்றார். நான் கம்பத்தைத் தூக்கினேன். முசேம்பிக்கு அது முதல் தவறான நிறுத்தம். குஞ்சு பறக்க இன்னும் சில வாரம் ஆகும், அவனுக்கு இன்னும் இரண்டு கோடு மிச்சம் இருக்கிறது.